முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு

பிளாஸ்மா கொடுத்தவர்களுக்கு வணக்கம்.

இந்த மடலை யார் பெயருக்கு எழுதுவது என்று ரொம்ப நாள் யோசித்தேன். மருந்துக் குப்பியின் மேல் தொகுதி எண் இருக்கிறது, காலாவதித் தேதி இருக்கிறது. உங்கள் பெயர்கள் இல்லை. ஒரு தொகுதி இம்யூனோகுளோபுலின், அதாவது நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உள்ள மருந்து, தயாரிக்கக் குறைந்தது ஆயிரம் பேருடைய பிளாஸ்மாவாவது (இரத்தத்தின் நீர்ப்பகுதி) சேர வேண்டும் என்று சொன்னார்கள். அந்த ஆயிரம் பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் மகனுக்கு எட்டு வயது. அவன் எலும்பு மஜ்ஜையில் பி செல்கள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் பிடிகே என்ற மரபணுவில் பிழை. பி செல் இல்லாததால் அவன் உடம்பால் ஆன்டிபாடி தயாரிக்க முடியாது. பிறந்த முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தான். வயிற்றில் இருந்தபோது என்னிடமிருந்து அவனுக்குப் போன ஆன்டிபாடிகள்தான் அதுவரை அவனைப் பாதுகாத்தன. அவை தீர்ந்ததும் காதில் சீழ், அப்புறம் நிமோனியா, மறுபடியும் நிமோனியா. ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகும். நிறுத்திய கொஞ்ச நாளில் திரும்பக் காய்ச்சல் அடிக்கும். "குழந்தைகளுக்குச் சளி பிடிக்கத்தான் செய்யும்" என்று கேட்டுக் கேட்டு, நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

அவன் தொண்டையில் டார்ச் அடித்து, வழக்கத்தைவிட நேரம் எடுத்துப் பார்த்த டாக்டர் அம்மாவுக்கு நன்றி. "இத்தனை தடவை தொற்று வந்த பிள்ளைக்கு டான்சில் பெரிதாக இருக்கணும். இவனுக்கு டான்சிலே தெரியலையேம்மா" என்றார். டான்சிலில் பெரும்பகுதி பி செல்கள்தான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அடுத்து அவர் கேட்ட கேள்வி: "உங்கள் தாய்வழியில் ஆண் குழந்தைகள் யாராவது சின்ன வயதிலேயே இறந்திருக்கிறார்களா?"

என் அம்மா பக்கத்தில்தான் இருந்தார். தன் தம்பிகள் இருவரும் நடக்கப் பழகும் வயதில் காய்ச்சலில் போனதை அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. அன்று சொன்னார். அம்மா, நீ வாய் திறந்ததால்தான் பரிசோதனை சரியான திசையில் போனது. மரபணு என் வழியாக வந்தது என்று தெரிந்து நான் அழுதபோது, உன் தம்பிகளுக்காக நீயும் அழுதாய். உனக்கு நான் தனியாக நன்றி சொன்னதில்லை.

1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நோயில் விழுந்த ஒரு சிறுவனின் இரத்தத்தில் காமா குளோபுலின் (ஆன்டிபாடிகள் அடங்கிய புரதப் பகுதி) இல்லை என்று கண்டுபிடித்தார். அதை ஊசியாகப் போட்டதும் அவன் தேறினான். அவனுக்கும் எட்டு வயது. அது படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மாமன்மார் இருவருக்கும் அந்த ஊசி வாய்க்கவில்லை.

சிஸ்டர், நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவன் கையில் நரம்பு தேடுகிறீர்கள். முதல் அரை மணி நேரம் மருந்தை மெதுவாக விட்டு, குளிர்கிறதா, தலை வலிக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று கேட்கிறீர்கள். ஒருமுறை நடுக்கம் வந்தபோது நான் பதறுவதற்குள் டிரிப்பை நிறுத்தியது நீங்கள்தான். வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால் அன்றைக்கே போன் செய்யும் டீச்சர், உங்களையும் மறக்க முடியாது.

ஆனால் உங்களிடம்தான் திரும்பி வருகிறேன், பிளாஸ்மா கொடுத்தவர்களே. உங்களுக்கு எப்போதோ வந்துபோன நோய்கள், நீங்கள் போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் எல்லாவற்றின் நினைவும் அந்தக் குப்பியில் இருக்கிறது. ஏற்றிய ஆன்டிபாடி சுமார் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். நான்காவது வாரம் அவன் முகத்திலேயே சோர்வு தெரியும். அப்போது இன்னொரு ஆயிரம் பேர் வருகிறீர்கள். கடைசி நிமோனியா வந்து மூன்று வருடமாகிறது.

ஒவ்வொரு முறையும் தொகுதி எண்ணை ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் நான் எழுதுவேன். இந்த வருடத்திலிருந்து அவனே எழுதுகிறான். எண்ணை எழுதி முடித்து, பக்கத்தில் சின்னச் சின்னதாக முகங்கள் வரைகிறான். வரும் வியாழக்கிழமை அடுத்த குப்பி.