பட்டியல் காலியாக இருந்தால் பகை இல்லை என்று பொருளில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் இணைய விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையில் ‘ஈவ் ஆன்லைன்’ விண்வெளி விளையாட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால், “ஸ்கேனரை அழுத்தினால் சுற்றியிருக்கும் எதிரிகள் எல்லோரும் ரேடாரில் போலத் தெரிந்துவிடுவார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 2016 நவம்பரிலிருந்து அந்த விளையாட்டைக் காசு கட்டாமலும் ஆடலாம் என்பதால் நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் எட்டிப் பார்க்கிறார்கள். இந்த வரியை நம்பி உள்ளே போகிறவர் முதல் வாரத்திலேயே கப்பலைப் பறிகொடுப்பார்.

கப்பலில் இருப்பது இரண்டு ஸ்கேனர்கள். ஒன்று திசை ஸ்கேனர். ஆடுகிறவர்கள் டி-ஸ்கேன் என்பார்கள். எல்லாக் கப்பலிலும் பிறவியிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் பூட்ட வேண்டாம். ‘வி’ விசையைத் தட்டினால் போதும். இன்னொன்று ப்ரோப் ஸ்கேனர். லாஞ்சர் ஒன்றைப் பூட்டி, எட்டு ப்ரோப்களை, அதாவது சின்னத் தேடு கருவிகளை, விண்ணில் விட்டுத் தேட வேண்டும். டி-ஸ்கேன் ‘அந்தப் பக்கம் இன்ன கப்பல் இருக்கிறது’ என்று சொல்லும், அங்கே கொண்டுபோய் விடாது. ப்ரோப் போய்ச் சேரும் இடத்தையே கொடுக்கும். கட்டுரையில் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

ரேடார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிஜ ரேடார் என்றால் நமக்குத் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்திலேயே உண்டு. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1990-களில் நிறுவிய ரேடார், தலைக்கு மேல் 80, 90 கி.மீ. உயரத்தில் வீசும் காற்றை அளந்தது. உயரத்தை அறிய, அனுப்பிய அலை திரும்பி வர எவ்வளவு நேரம் என்பதுதான் அதன் கணக்கு. அந்த உயரத்துக்கு அது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. விளையாட்டின் டி-ஸ்கேன் எட்டும் தூரம் 14.3 வானியல் அலகுக்குச் சற்று மேல் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம்). உங்கள் பெட்டிச் செய்தியில் இது 14.3 லட்சம் கி.மீ. என்று அச்சாகியிருந்தது, உண்மையில் ஏறக்குறைய 215 கோடி கி.மீ. நம் சூரியனிலிருந்து சனி கிரகமே சுமார் 143 கோடி கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. ஒளி அந்த 215 கோடியைக் கடக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும், எதிரொலி திரும்ப இன்னும் இரண்டு. விளையாட்டில் விடை உடனே வந்துவிடுகிறது. ஆகவே அதை ரேடார் என்று எண்ணாமல், கேள்விக்குப் பதில் சொல்லும் கருவி என்று எடுத்துக்கொள்வதே நல்லது. (சரியான எல்லை 214,74,83,647 கி.மீ. கணினி 32 பிட்டில் கூட்டல், கழித்தல் குறியோடு வைத்துக்கொள்ளும் முழு எண்ணின் உச்சவரம்பு அது. நிரல் எழுதப் படிக்கும் மாணவர்கள் பார்த்ததும் சிரிப்பார்கள்.)

அந்தக் கேள்வியில் கோணம், தூரம், ஃபில்டர் (எதைக் காட்ட வேண்டும் என்ற வடிகட்டி) என்று மூன்று பகுதிகள் உண்டு. மூன்றில் ஒன்று தப்பானாலும் வருகிற பதில் தப்பு.

கோணத்தை 360 பாகையிலிருந்து 5 பாகை வரை குறைக்கலாம். 360-ல் வைத்தால் எல்லாப் பக்கமும் தேடும். குறைத்தால் டார்ச் லைட் போல ஒரு கூம்புக்குள் மட்டும். புதியவர்கள் இடறும் முதல் இடம் இதுதான்: கப்பலின் மூக்கு எங்கே பார்க்கிறது என்பதற்கும் கூம்புக்கும் சம்பந்தமே கிடையாது. திரையில் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் கூம்பு போகும். கப்பலை அழகாகத் திருப்பி வைத்துவிட்டுக் கேமராவைப் பின்பக்கம் விட்டிருந்தால் எதிர்த்திசையைத்தான் சலிப்பீர்கள்.

ஃபில்டர் அதைவிடப் பொல்லாதது. சுற்றியுள்ளவற்றைத் திரையோரம் வரிசைப்படுத்தும் ஓவர்வியூ பட்டியலில் எந்தெந்த வகைகளைக் காட்டச் சொல்லியிருக்கிறீர்களோ அவற்றை மட்டும் காட்டு என்று டி-ஸ்கேனில் ஒரு தெரிவு இருக்கிறது. சுரங்க வேலைக்கென்று பாறைகளை மட்டும் காட்டும் ஓவர்வியூவை வைத்துக்கொண்டு அந்தத் தெரிவையும் போட்டிருந்தால், பக்கத்தில் பத்துப் போர்க்கப்பல் நின்றாலும் பட்டியல் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். ஆளில்லாத விண்வெளி என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பீர்கள். கப்பல்கள், ப்ரோப்கள், கப்பல் சிதைவுகள் இந்த மூன்றும் வரும்படி தனி ஓவர்வியூ ஒன்றை அமைத்து அதை மட்டுமே ஸ்கேனுக்குப் பயன்படுத்துங்கள்.

இனி தூரம். பட்டியலில் பெயர், வகை, தூரம் என்று பத்திகள் இருக்கும். உங்கள் அருகிலேயே இல்லாத கப்பலுக்குத் தூரப் பத்தியில் வெறும் கோடுதான் வரும். அந்தத் தூரத்தை நாம்தான் கறந்தெடுக்க வேண்டும். எல்லையைப் பாதி பாதியாக வெட்டுவது ஒரு வழி: 14-ல் தெரிகிறது, 7-ல் தெரியவில்லை, 10-ல் தெரிகிறது என்று போனால் ஏழு வெட்டில் ஏறக்குறைய 0.1 அலகுக்குள் வந்துவிடலாம். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததற்கும் இரண்டு விநாடி இடைவெளி கட்டாயம். ஏழு வெட்டுக்குக் கால் நிமிடம். அதற்குள் ஆள் நகர்ந்திருப்பான்.

கை தேர்ந்தவர்கள் வேறு விதமாகச் செய்வார்கள். கப்பல்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் நிற்பதில்லை. ஏதாவது கிரகம், நிலா, கேட் (அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாசல்), நிலையம் என்று ஒன்றை ஒட்டித்தான் நிற்கும். அவற்றின் தூரம் ஓவர்வியூவில் முன்பே இருக்கிறது. மூன்று கிரகங்கள் 3.1, 6.4, 9.2 அலகில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கோணத்தை 30 ஆக்கி ஒவ்வொரு கிரகத்தின் மேலும் கேமராவைத் திருப்பித் தட்டுங்கள். மூன்றாவதில் தெரிந்தால் கோணத்தை 5-க்குக் குறைத்து மறுபடி. இன்னும் தெரிந்தால் தூரத்தை 9.3 என்று போட்டால் வர வேண்டும், 9.1 என்று போட்டால் மறைய வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் அந்தக் கிரகத்தருகேதான் நிற்கிறான். ஐந்தாறு தட்டில் வேலை முடிந்தது.

இதற்கும் எல்லை உண்டு. 5 பாகை கேட்க ஊசி முனை மாதிரி இருக்கிறது. 9.2 அலகு தூரத்தில் அந்தக் கூம்பின் வாய் 0.8 அலகு, அதாவது 12 கோடி கி.மீ. அகலம். கிரகமும் அதன் அத்தனை நிலாக்களும் மொத்தமாக உள்ளே அடங்கிவிடும். எந்த நிலா என்று டி-ஸ்கேனை மட்டும் வைத்து அங்கிருந்தே சொல்ல முடியாது. கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும்.

சரி, எல்லாம் ஒழுங்காக வைத்தும் பட்டியல் காலி. அப்போதும் யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. க்ளோக் என்ற மறைப்புக் கருவியைப் போட்ட கப்பல் வராது. நிலையத்துக்குள் ஒதுங்கியிருப்பவன் வர மாட்டான். காம்பாட் ரீகான் வகைக் கப்பல்கள் நான்கு, லாக்கசிஸ், ரூக், கர்ஸ், ஹுகின், க்ளோக் இல்லாமல் பட்டப்பகலில் நின்றாலும் 2015-லிருந்து டி-ஸ்கேனில் விழுவதில்லை. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆகவே கப்பலை மட்டும் தேடாமல் தடயத்தைத் தேட வேண்டும். சிதைவு கிடக்கிறது, கப்பல் இல்லை என்றால் சற்று முன் யாரோ சண்டை போட்டிருக்கிறார்கள். ‘காம்பாட் ஸ்கேனர் ப்ரோப்’ என்ற பெயர் பட்டியலில் வந்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். கப்பல்களைத் தேடிப் பிடிக்கத்தான் அந்த வகை. கெட்டிக்கார வேட்டைக்காரன் ப்ரோப்களை முதலில் உங்கள் டி-ஸ்கேன் எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்திருப்பான். டி-ஸ்கேனால் உங்கள் இடத்தைக் கணித்த பிறகு, ஒரே ஒரு ஸ்கேனுக்கு மட்டும் கொண்டுவந்து போட்டு எடுத்துவிடுவான். அவை உங்கள் கண்ணில் படும் நேரம் சில விநாடிகள். அதனால்தான் ஆபத்தான இடத்தில் ஐந்து விநாடிக்கு ஒருமுறையாவது ‘வி’ தட்டச் சொல்கிறார்கள். கப்பலின் பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது, அதை யாரும் எப்படியும் மாற்றிவைக்கலாம். வகைப் பத்தியைப் பாருங்கள்.

ப்ரோப் விஷயத்துக்கு வருவோம். கோர் ப்ரோப் என்ற மற்ற வகை மறைந்த இடங்களைக் கண்டுபிடிக்கும், கப்பல்களைக் கண்டுபிடிக்காது. அதன் வீச்சு 32 அலகில் தொடங்கிப் பாதி பாதியாக 0.25 வரை இறங்கும். வீச்சு சுருங்கச் சுருங்கச் சிக்னல் வலுக்கும். ஆனால் தேடும் பொருள் வட்டத்துக்கு வெளியே நழுவவும் வாய்ப்பு கூடும். 8 அலகில் தொடங்கி, திரையில் காட்டும் புள்ளியின் மேல் எட்டு ப்ரோப்களையும் மொத்தமாக நகர்த்தி, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு படி இறக்குவதுதான் வழக்கம். சிக்னல் 25 சதவீதத்தைத் தாண்டினால் என்ன இனம் என்று தெரியும், 75-ல் எந்த வகை என்று தெரியும், 100 வந்தால்தான் வார்ப் செய்ய, அதாவது நேரே அங்கே தாவ முடியும்.

ஒரு ப்ரோப் மட்டும் பிடித்தால் விடை ஒரு கோளம். இரண்டு பிடித்தால் வட்டம். மூன்று பிடித்தால் இரண்டு புள்ளிகள் வரும், அவற்றில் ஒன்று பொய். நான்காவது பிடித்தால்தான் ஒரே புள்ளி. பிளஸ் டூ கணிதம் படித்தவருக்கு இது புரியக் கஷ்டமே இருக்காது. இரண்டு புள்ளி வந்தால் எதைத் தொடுவது என்று திகைக்கத் தேவையில்லை. வீச்சை இறக்காமல், ப்ரோப் கூட்டத்தை ஒரு புள்ளியின் மேல் நகர்த்தி மறுபடி ஸ்கேன் செய்தால் பொய்ப் புள்ளி தானாக விழுந்துவிடும்.

சிக்னல் 60, 70-லேயே நின்று ஏற மறுக்கிறது என்பதுதான் புதியவர்களின் பொதுவான புலம்பல். பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் உயரம். மேலிருந்து பார்த்துப் புள்ளியின் மேல் சரியாக வைத்திருப்பார்கள். வரைபடத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் ப்ரோப்கள் எங்கோ மாடியில் தொங்கும். மேலிருந்து ஒருமுறை, பக்கத்திலிருந்து ஒருமுறை என்று இரண்டு பார்வையிலும் ஒட்டவைத்த பிறகே வீச்சை இறக்க வேண்டும். அதுவும் சரியென்றால், கப்பலும் பயிற்சியும் போதவில்லை என்று பொருள். ஹெரான், இமிகஸ், மேக்னேட், ப்ரோப் (இது கப்பலின் பெயர்) என்ற நான்கு மலிவான சிறு கப்பல்களும் ஸ்கேன் வலிமைக்குத் தனி ஊக்கம் தருபவை. வலிமையைக் கூட்டுவது ‘ஆஸ்ட்ரோமெட்ரிக் ரேஞ்ச்ஃபைண்டிங்’ பயிற்சி. கப்பலில் பொருத்தும் ‘கிராவிட்டி கபாசிட்டர்’ ரிக் ஒன்று 10 சதவீதம் கூட்டும்.

வார்ம்ஹோல் என்ற துளை வழியாக மறைந்த மண்டலங்களுக்குள் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வெளியே அந்த மண்டலத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று லோக்கல் பட்டியல் சொல்லிவிடும். உள்ளே வாய் திறந்து பேசாதவரை யார் பெயரும் வராது. அங்கே டி-ஸ்கேன் ஒன்றுதான் கண். நுழைந்த கையோடு வாசலை புக்மார்க் செய்துவிடுங்கள். மறந்தால் வெளியே வர மறுபடி ப்ரோப் விட்டுத்தான் தேட வேண்டும். ப்ரோப் கண்டுபிடிக்கும் மறைந்த இடங்களில் ரெலிக், டேட்டா என்ற தளங்களின் பெயரையும் படியுங்கள். கொள்ளைக் கூட்டங்களின் பெயர் இடம்பெறும் தளங்களில் பொதுவாகக் காவல் கிடையாது. ‘ஃபர்காட்டன்’, ‘அன்செக்யூர்ட்’ என்று தொடங்கினால் ஸ்லீப்பர் என்ற, கணினி இயக்கும் எதிரிக் கப்பல்கள் காவல் நிற்கும், சிறு கப்பலை நொடியில் பொடியாக்கிவிடும்.

நம் ஊர் நெட் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. சர்வர் லண்டனில் இருக்கிறது, கணக்கு விநாடிக்கு ஒருமுறைதான் ஓடுகிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டின் தாமதம் பெரிய பாதகமில்லை. பாதகம் கரண்ட் கட். தொடர்பு அறுந்ததும் கப்பல் மறைந்துவிடாது. அவசரமாக ஒரு தாவல் தாவி, சண்டை எதுவும் இல்லாவிட்டால் சுமார் ஒரு நிமிடம் கழித்தே மறையும். இன்னொரு ஆட்டக்காரரோடு மோதிக்கொண்டிருந்தால் கால் மணி நேரம் அங்கேயே கிடக்கும், காம்பாட் ப்ரோப்புக்கு அது போதும். மோடத்துக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ். வைப்பது வீண் செலவில்லை.

கட்டுரையில் ‘மாலை நாலரைக்கு அடிக்கடி சர்வர் கோளாறு’ என்று ஒரு வாசகர் குறைபட்டிருந்தார். கோளாறு இல்லை. தினமும் சர்வர் நேரம் 11 மணிக்குப் பராமரிப்புக்காகச் சில நிமிடங்கள் நிறுத்துவார்கள். நமக்கு அது மாலை 4.30. திரும்ப ஏறும்போது சிக்னேச்சர்களின், அதாவது ப்ரோப்பால் தேடும் இடங்களின், அடையாள எண்கள் மாறியிருக்கும், காலையில் நோட்டில் குறித்து வைத்த பட்டியல் செல்லாது. பள்ளி விட்டு வந்ததும் கணினியைத் திறக்கிற பிள்ளைகள் ஒரு டீ குடித்துவிட்டு ஐந்து மணிக்கு உட்கார்ந்து புதிதாக ஸ்கேன் செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.