பழைய ஹாலிவுட் ஒப்பனைக்கு வெள்ளை முகம் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் மகளிர் இணைப்பில், பழைய ஹாலிவுட் நடிகைகளைப் போல வீட்டிலேயே ஒப்பனை செய்துகொள்வது பற்றி ஒரு பக்கம் வந்திருந்தது. எழுதியவர் ஆசையோடு எழுதியிருக்கிறார். பார்லருக்குப் பணம் கொட்டாமல் வீட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பெண்கள் இதைச் செய்து பார்க்கலாம் என்று சொன்னதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷனை முகத்திலும் கழுத்திலும் பூசிக்கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

எனக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். என் தந்தை மதுரை மேல மாசி வீதிப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ரீடச்சிங், அதாவது நெகட்டிவில் முகத்தைத் திருத்தும் வேலை, பார்த்தவர். எனக்கும் அந்த வேலையைப் பழக்கினார். கலர் பிலிம் வந்து எங்கள் மேசையை மூட வைக்கும்வரை கருப்பு வெள்ளை நெகட்டிவுகளோடுதான் என் பொழுது கழிந்தது. நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் தலைகீழ்; கண்ணுக்குக் கீழுள்ள கருவளையம் அதில் நிறமில்லாமல் தெளிந்து கிடக்கும். அந்த இடத்தில் பென்சில் பிடிப்பதற்கான மீடியம் என்ற திரவத்தைத் தடவி, உப்புத்தாளில் தீட்டி ஊசிமுனையாக்கிய பென்சிலால் கமா வடிவில் சிறு சிறு கீற்றுகளாக நிரப்பினால், பிரிண்டில் கருவளையம் தணிந்துவிடும். முகத்தில் எது வெளிச்சம், எது நிழல் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு.

பெண் பார்க்கும் படம் எடுக்க வருகிறவர்கள், "கொஞ்சம் கலராகப் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். அப்பா மறுப்புச் சொல்ல மாட்டார். முகத்தை வெளுக்கவும் மாட்டார். பெண்ணை மறுபடி உட்காரவைத்து, விளக்கைச் சற்று உயர்த்தி, மோவாயை அரை அங்குலம் இறக்கச் சொல்லி இன்னொரு படம் எடுப்பார். வாங்கிப் போனவர்கள் நிறம் கூடிவிட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள். கூடியது நிறமல்ல, கன்னத்திலும் நெற்றியிலும் வெளிச்சம் நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஹாலிவுட் முகங்கள் ஏன் அப்படிச் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன என்பதற்குக் காரணம் அழகு அல்ல, பிலிம். 1920களின் நடுப்பகுதி வரை அங்கே பெரும்பாலும் ஓடியது ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிம். அதற்குச் சிவப்பு தெரியாது, நீலம் அளவுக்கு மீறித் தெரியும். ரத்தவோட்டமுள்ள கன்னம் அதில் அழுக்குப் படிந்ததாக விழும். சிவப்புச் சாயம் பூசிய உதடு கரியாக விழும். நீலக் கண்கள் வெளிறிப் போகும். அதைச் சமாளிக்கத்தான் முகம் முழுவதும் வெளிர் நிறத்தில் அப்பினார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்கே அந்த அப்பல் தேவைப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பிறகு எல்லா நிறங்களையும் வாங்கிக்கொள்ளும் பான்குரோமேட்டிக் பிலிம் வந்தது, பேசும்படத்தோடு இரைச்சலில்லாத பல்பு விளக்குகளும் வந்தன. பழைய பூச்சு அதோடு வழக்கொழிந்தது.

போலந்தில் பிறந்து, விக் கட்டும் தொழில் கற்று, 1904ல் அமெரிக்கா போனவர் மாக்ஸ் ஃபாக்டர். புது பிலிமுக்கும் புது விளக்குக்கும் ஏற்ற வண்ணங்களை 1928ல் கொண்டுவந்தவர் அவர்தான். கலர் படங்களுக்காக அவருடைய நிறுவனம் 1937ல் செய்ததுதான் பேன்கேக். ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூசும் முகப் பூச்சு அது. நம் ஊர் நாடகக்காரர்களும் பரதநாட்டியத்துக்கு மேக்கப் போடுகிறவர்களும் இன்றுவரை சொல்லும் அதே பேன்கேக்தான்.

வெளுப்பின் பின்னால் போனவர்கள் பட்ட பாட்டுக்கு மெர்ல் ஓபரானைப் பாருங்கள். 1911ல் பம்பாயில் பிறந்தவர். 1935ல் வெளிவந்த படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற நடிகை. இந்தியாவில் பிறந்ததை வெளியே சொன்னால் வாய்ப்புப் போய்விடும் என்று, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லியே காலத்தைக் கழித்தார். 1937ல் நடந்த கார் விபத்தில் அவர் முகத்தில் தழும்புகள் விழுந்தன. அந்தத் தழும்பை மறைத்தது பூச்சு மட்டும் அல்ல. ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கேமராவை ஒட்டி ஒரு சிறு விளக்கைப் பொருத்தினார். நேர் எதிரிலிருந்து விழுந்த அந்த மென்மையான வெளிச்சத்தில் தழும்பின் நிழல் கரைந்துவிட்டது. ஓபரானின் பெயராலேயே அந்த விளக்குக்கு 'ஓபி' என்று பெயர் வந்தது. எனக்கு இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். பிறந்த ஊரையே மறைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, கடைசியில் கைகொடுத்தது ஒரு விளக்கு.

நம் ஊருக்கு வருவோம். 1916ல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' 1945ல் வெளிவந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர், தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர். அவர் எம்.எஸ்.ஸின் முகத்தை மார்பளவுச் சிலையாக வடிக்கச் செய்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து, அதன்மேல் பல கோணங்களில் விளக்கைப் போட்டு எங்கே எந்த நிழல் விழுகிறது என்று சோதித்துப் பார்த்தார். ஹாலிவுட்டிலிருந்து தமிழ்ப் படத்துக்கு வந்த பாடம் அது. எங்கள் ஸ்டூடியோவில் இதைத்தான் அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார். ஆகவே வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெண்களுக்குத் தங்கள் பத்திரிகை வழியாகவே சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முகப் பூச்சை மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்காதீர்கள், தாடையோரத்தில் தேய்த்து வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எது கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுதான் உங்கள் நிறம். அதையும் முகம் முழுக்கப் பூச வேண்டியதில்லை. கண்ணுக்குக் கீழே, மூக்கோரம், வாயோரம் போதும். நாம் வழக்கமாகப் போடும் வெள்ளை டால்கம் பவுடரை அன்றைக்கு ஒதுக்கிவையுங்கள். மாநிறத்தின்மேலும் கருப்பின்மேலும் அது சாம்பல் பூத்தது போல உட்கார்ந்துகொள்ளும். ரீடச்சிங் மேசையில் எங்களை அதிகம் படுத்தியது பவுடர் அப்பிய முகங்கள்தான். நெகட்டிவில் மேடு பள்ளமே இருக்காது. கருத்த முகமோ எண்ணெய் மினுக்கிலிருந்து ஆழ்ந்த நிழல்வரை அத்தனை படிகளையும் காட்டும். கருப்பு வெள்ளைப் படத்துக்கென்றே அமைந்த சருமம் நம்முடையது என்று நான் அடித்துச் சொல்வேன்.

கன்னத்துக்குக் காபிக்கொட்டை நிறத்தில், ஜிகினா இல்லாத ஐ ஷேடோ ஒன்று போதும். காதருகே தொடங்கி வாயின் ஓரத்தை நோக்கி இழுத்து, கண்ணின் வெளி முனைக்கு நேர்கீழே நிறுத்திவிடுங்கள். கன்ன எலும்பின் மேட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய். அந்தக் கால ஹாலிவுட் நடிகை மார்லீன் டீட்ரிச் மூக்குத் தண்டில் வெளிர் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்துக்கொள்வார் என்று சொல்வார்கள். நமக்கு அந்த வேலையை எண்ணெயின் மினுக்கே செய்துவிடும்.

கண்ணில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நமக்குக் கீழ் இமைக்குள் மை தீட்டித்தான் பழக்கம். 1930, 40களின் பாணி அதற்கு நேர்மாறானது. கீழ் இமையை ஏறக்குறைய சும்மா விட்டுவிட்டு எல்லாக் கனத்தையும் மேல் இமையில் வைப்பார்கள். கண்ணைத் திறந்தபடியே கண்ணாடியைப் பார்த்து, இமை மடியும் பள்ளம் எங்கே என்று விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். அந்தப் பள்ளத்தில் அதே காபி நிறத்தை வைத்து மேல்நோக்கிக் கலைத்துவிடுங்கள். விளிம்பு தெரியக் கூடாது; கோடு விழுந்தால் விரலை வைத்து இன்னும் கலையுங்கள். பிறகு மேல் இமை முடிகளின் வேரை ஒட்டிக் கண்மையை இழுத்து, வெளி முனையில் மட்டும் சற்று மேலே தூக்கி முடியுங்கள். இறக்கையாக நீள்வது பின்னால் 1950களில் வந்தது. நடிகை கிரேட்டா கார்போவின் இமை மினுமினுப்பு வேண்டுமென்றால் கொஞ்சம் வாஸ்லைன் தடவலாம். ஆனால் மதுரைச் சித்திரை வெயிலில் அது மையையும் இழுத்துக்கொண்டு வழியும். படம் எடுக்கும் கணத்தில் தடவி, எடுத்ததும் ஒற்றி எடுத்துவிடுவது நல்லது.

மைக்காக அலைய வேண்டாம். மேபலின் நிறுவனமே, டி.எல். வில்லியம்ஸ் என்பவர் தம் சகோதரி மேபல் கரித்தூளை வாஸ்லைனில் குழைத்து இமைமுடியில் தடவிக்கொண்டதைப் பார்த்து 1915ல் தொடங்கியதுதான் என்பார்கள். நம் பாட்டிமார் விளக்கெண்ணெய்த் தீபத்தின் கரியைத் தட்டில் பிடித்து மை கூட்டியது அதற்கெல்லாம் முந்தியது. கடையில் பொட்டலமாக விற்கும் சுர்மா வேண்டாம். அவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு.

புருவத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அந்தக் காலத்து நூல் புருவத்துக்கு ஆசைப்பட்டுத் திரெடிங்கில் எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். நடிகை லானா டர்னருக்கு 1938ல் வெளிவந்த ஒரு படத்துக்காகப் புருவத்தை மழித்தார்கள். அது மறுபடி ஒழுங்காக முளைக்கவே இல்லை. ஈரச் சோப்பைத் தொட்டுப் புருவ முடியைப் படிய வாரி, வால்பக்கத்தைப் பென்சிலால் நீட்டினாலே போதும்.

உதட்டுக்கு அரக்குச் சிவப்பு, இல்லையென்றால் நன்றாகப் பற்றிய மருதாணியின் நிறம். விளக்குத்தூண் பக்கத்துப் பேன்சி ஸ்டோர்களில் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஒருமுறை பூசி, டிஷ்யூவால் ஒற்றி, மறுபடி பூசுங்கள்.

இனி விளக்கு. இதைச் செய்யாவிட்டால் மேலே சொன்னது எல்லாம் வீண். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரே ஓர் எல்இடி பல்பை முகத்துக்கு நேர் எதிரே, தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் தொங்கவிடுங்கள். முன்னால் பழைய வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றை மடிப்பாகக் கட்டினால் வெளிச்சம் மென்மையாகும். குண்டு பல்பு என்றால் துணியைக் கட்டவே கூடாது, பற்றிக்கொள்ளும். மூக்கின் கீழே சிறு பட்டாம்பூச்சி வடிவில் நிழல் விழும். அது மேல் உதட்டைத் தொடாத உயரத்தில் பல்பை நிறுத்துங்கள். மடியில் ஒரு வெள்ளை அட்டையையோ எவர்சில்வர் தாம்பாளத்தையோ வைத்துக்கொண்டால் மோவாயின் அடியிருட்டு தணியும். டீட்ரிச்சின் கன்னக் குழி, இப்படி மேலிருந்து விழும் வெளிச்சத்தின் நிழலில்தான் பிறந்தது. போனில் எடுப்பவர்கள் முகத்தைத் தானாக வெளுக்கும் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவைச் சற்றுக் குறையுங்கள்.

இவற்றை எங்கள் தெருவில் ஒரு கல்லூரி மாணவிக்குச் செய்துபார்த்தேன். கல்லூரி விழாவுக்கென்று ஓர் அழகு நிலையத்தில் முகத்தை வெளுத்துவிட்டு, கழுத்தும் கையும் வேறு நிறமாக வந்து நின்ற பெண் அவள். மேடையில் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே நின்றாளாம். கழுவித் துடைத்து, அவள் நிறத்திலேயே வேலையை ஆரம்பித்தேன். பாதியில் அவள் அம்மா, "அக்கா, இன்னும் கொஞ்சம் பவுடர் போடுங்களேன், டல்லாக இருக்கிறதே" என்றார். "பல்பைப் போடும்வரை பொறு அம்மா" என்றேன். போட்டதும் கன்ன எலும்பில் அந்த எண்ணெய்த் துளி பளிச்சென்று எழுந்தது. இமைப் பள்ளம் ஆழ்ந்தது. உதடு கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. போனில் கருப்பு வெள்ளையில் எடுத்த படத்தை அந்த அம்மாவே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பவுடரைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

ஆசிரியர் அவர்களே, தங்கள் இணைப்பை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கத்தரித்து வைத்துக்கொண்டு அப்படியே செய்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, தன் நிறத்தை மறைத்தால்தான் அழகு வரும் என்று அச்சில் படித்தால் அதை நம்பிவிடுவாள். அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் போடுங்கள். இனி இத்தகைய குறிப்போடு படம் போடும்போது, கருத்த பெண் ஒருத்தியை உட்காரவைத்து எடுத்துப் போடுங்கள். மதுரையில் எடுப்பதாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், விளக்குப் பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரீடச்சிங் தொழிலாளி ஒருத்தி,
சிம்மக்கல், மதுரை.