திருப்பூர் பின்னலாடை யூனிட் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நம்மூரில் இருபது, முப்பது மெஷின் போட்டு நடத்தும் யூனிட்டுகளுக்கு கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். போன மாதம் ஒரு யூனிட்டிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். அவர்களின் வலைத்தளத்தைத் திறந்தாலே எச்சரிக்கை வருகிறது என்று வெளிநாட்டு பையர் மெயில் போட்டிருந்தார். போய்ப் பார்த்தால், எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று காட்டி, அதற்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் டிஜிட்டல் சீட்டு) காலாவதியாகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. "காசு கொடுத்துப் போட்டாச்சே!" என்றார் உரிமையாளர். அவர் மேல் தப்பில்லை. ஒருமுறை போட்டால் போதும் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போதாது. அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் உண்டு, அது குறைந்துகொண்டே வருகிறது. 2020 செப்டம்பரிலிருந்து அதிகபட்சம் 398 நாள். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் வெறும் 47. பிரவுசர் நிறுவனங்களும் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் ஓட்டெடுத்து முடிவு செய்தது இது. தளத்தின் ரகசியச் சாவி கசிந்தாலோ டொமைன் (தளத்தின் பெயர்) கைமாறினாலோ பழைய சான்றிதழ் நெடுநாள் செல்லுபடியாகக் கூடாது, அதுதான் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் வருடத்துக்கு எட்டுத் தடவை ஞாபகம் வைத்துக் கையால் புதுப்பிக்க நம் யூனிட்டுகளில் யார் இருக்கிறார்கள்?

அதனால் தளம் இருக்கும் கம்ப்யூட்டரான சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015 டிசம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. 90 நாள் சான்றிதழ், செர்ட்பாட் மாதிரி ஒரு மென்பொருள் போட்டுவிட்டால் அதுவே புதுப்பிக்கும். இலவசம் என்பதால் பூட்டு லேசானது என்று நினைக்க வேண்டாம், என்கிரிப்ஷன் (தகவலைப் பூட்டும் முறை) அதேதான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: காலாவதியாகப் போகிறது என்று அவர்கள் முன்பு மெயில் அனுப்புவார்கள், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். தானாக நடப்பது நின்றுபோனால் உங்களுக்குச் சொல்ல நீங்களே ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பூட்டில்லாத தளத்தில் பையர் நிரப்பும் விசாரணைப் படிவம், ரேட் எழுதிய தாளைக் கவரில் போடாமல் பஸ்ஸில் கொடுத்தனுப்பியது போலத்தான். வழியில் யாரும் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

வலைத்தளத்தோடு முடியவில்லை. ஆபீஸ் மெயிலை என்கிரிப்ஷன் இல்லாமல் 110 போர்ட்டில் (மெயில் இறக்கும் பூட்டில்லாத வாசல்) எடுப்பதை இன்றும் பார்க்கிறேன். பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும். அதே வேலைக்குப் பூட்டுள்ள வாசலான 995-க்கு மாற்ற ஐந்து நிமிடம் ஆகாது. அப்புறம், ஆடிட்டர் வெளியிலிருந்து டாலி பார்க்க வேண்டுமென்று ரௌட்டரில் 3389 போர்ட்டை (வெளியிலிருந்து ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வாசல்) திறந்து வைத்திருக்கிறீர்களே, எனக்குத் தூக்கம் வராமல் செய்வது அதுதான். உலகத்தில் எவனும் அந்தக் கதவில் நின்று பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கலாம். இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். வயர்கார்டு போன்ற விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனிப் பாதை) வழியாக ஆடிட்டர் வரட்டும், அதுவும் இலவசம்தான்.

இதெல்லாம் செய்தாலும், "பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் போனில் பேசாமல் பணம் போடாதீர்கள். பூட்டு வழியைத்தான் காக்கும், எழுதியவர் யோக்கியரா என்று சொல்லாது.

வலைத்தளம் செய்து கொடுத்தவர் அடுத்த முறை பில்லோடு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா? நின்றால் யாருக்குத் தகவல் வரும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் நானே வந்து செய்து காட்டுகிறேன். காசு வேண்டாம், ஆபீஸ் லேப்டாப்பை மட்டும் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் நெட்வொர்க்காரன்