அந்த இரண்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் போகும் பொது நூலகத்தின் வாசலில் போன வாரம் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். வாசகர் வருகை குறைந்துவிட்டதாம், அதனால் இனி எட்டு மணிக்குப் பதில் மாலை ஆறு மணிக்கே மூடிவிடுவார்களாம். தெரிந்தவர்களிடம் வருத்தப்பட்டால், "எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே, இப்போது யார் நூலகத்துக்குப் போகிறார்கள்" என்கிறார்கள். யார் போகிறார்கள் என்று நான் பார்த்ததையே சொல்கிறேன்.

அறிவிப்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கு அடுத்த கணினியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வூதியம் திடீரென்று நின்றுபோயிருக்கிறது. ஏன் என்று கேட்டு மேல்முறையீடு செய்ய வேண்டும், அந்த விண்ணப்பமோ ஆன்லைனில் மட்டும்தான். அவர் கையில் இருந்தது பட்டன் போன். நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். தானே தட்டிக் கொடுத்துவிட்டால் ஐந்து நிமிட வேலை, அப்படிச் செய்யாமல், "எந்த மாசத்திலிருந்து வரலைங்க? அதை இந்தக் கட்டத்துல போடுங்க" என்று ஒவ்வொரு கட்டமாக அவரையே நிரப்ப வைத்தார். நடுவில் ஒரு முறை இணைய இணைப்பு அறுந்துபோய் எல்லாம் அழிந்தது, மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் அச்சான தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்தபோது மணி ஏழு இருபது.

அரசிடம் கேள்வி கேட்க ஒரு மனிதருக்கு என்னவெல்லாம் வேண்டியிருக்கிறது பாருங்கள். உட்கார ஓர் இடம், விளக்கிச் சொல்ல ஒருவர், அப்புறம் கையில் ஓர் ஆதாரம். முதல் இரண்டும் நூலகத்தில் கிடைக்கும். மூன்றாவது ஆவணக் காப்பகத்தின் பொறுப்பு, அது தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனைப் பார்த்தாலே போதும். 1948-லிருந்து கரீபியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்து குடியேறியவர்கள், பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளாக வந்தவர்கள், 1973-க்கு முன்பே வந்துவிட்டதால் அங்கேயே இருக்கச் சட்டப்படி உரிமை பெற்றவர்கள், இவர்களிடம் பல பத்தாண்டுகள் கழித்து "எப்போது வந்தீர்கள், நிரூபியுங்கள்" என்று கேட்டார்கள். வந்திறங்கிய நாளைக் காட்டும் அட்டைகள் அரசிடமே இருந்தவைதான். 2010-ல் ஓர் அலுவலகத்தைக் காலி செய்தபோது அவற்றை அழித்துவிட்டார்கள். 2018-ல் விஷயம் வெளியே வருவதற்குள் பலருக்கு வேலை போய்விட்டது, சிலருக்கு மருத்துவமனையில் சிகிச்சை மறுக்கப்பட்டது, சிலர் நாடு கடத்தப்பட்டே போனார்கள். பழைய காகிதம் இடத்தை அடைக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

அதே பிரிட்டனில் காகிதம் பிழைத்துக் கிடந்த கதையும் உண்டு. 1950-களில் கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் கிளர்ச்சியின்போது காலனி ஆட்சியின் முகாம்களில் சித்திரவதைப்பட்ட கென்ய முதியவர்கள் சிலர் 2009-ல் லண்டனில் வழக்குப் போட்டார்கள். சாட்சி சொல்ல அவர்களின் உடம்பில் தழும்பு இருந்தது, ஆனால் நீதிமன்றத்துக்குக் காகிதம் வேண்டுமே. கென்யா 1963-ல் விடுதலை அடையும் தறுவாயில் அங்கிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுபோன கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் பூட்டிக் கிடந்தது 2011-ல்தான் வெளியே தெரிந்தது. 2013-ல் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தர ஒப்புக்கொண்டது. ஐம்பது வருடத் தாமதம், அதற்குள் இறந்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கோப்புகள் ஒழுங்காகத் திறந்த காப்பகத்தில் இருந்திருந்தால் இத்தனை காலம் ஆகியிருக்குமா?

கிழக்கு ஜெர்மனி மக்கள் அப்படிக் காத்திருக்கவில்லை. ரகசியப் போலீஸ் தங்களைப் பற்றிய கோப்புகளை அழிக்கிறது என்று தெரிந்ததும் 1989 டிசம்பர் 4 அன்று எர்ஃபர்ட் நகரத்தில் ஸ்டாசி அலுவலகத்துக்குள் நுழைந்து தடுத்து நிறுத்தினார்கள், முன்னால் நின்றவர்கள் பெண்கள். இயந்திரத்தால் மாளாமல் ஊழியர்கள் கையாலேயே கிழித்துப்போட்ட காகிதங்கள் மட்டும் ஏறக்குறைய 16,000 மூட்டை மிஞ்சின. 1992 முதல், தன்னை யார் வேவு பார்த்தார் என்பதை அவரவர் கோப்பை வாங்கி அவரவரே படிக்கலாம் என்று சட்டம் வந்தது.

நூலகமே அநியாயம் செய்ததும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்ஸாண்ட்ரியா நகர நூலகத்தில் கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை. 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். இல்லை என்றதும் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. இதை ஏற்பாடு செய்த வழக்கறிஞர் சாமுவேல் டக்கர், பிறகு கறுப்பர்களுக்கென்று தனியாகக் கட்டிக்கொடுத்த சின்ன நூலகத்தின் அட்டையை வாங்க மறுத்துவிட்டார். எண்பது வருடம் கழித்து அதே நூலகத்தின் ஊழியர்களே பழைய பதிவுகளைத் துழாவி, அந்த வழக்கில் தீர்ப்பே சொல்லப்படவில்லை என்று கண்டுபிடிக்க, 2019-ல் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது. தன் தவறை ஒரு நிறுவனம் தானே தோண்டி எடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அருங்காட்சியகம் என்றால் ராஜாவின் வாள், கண்ணாடிப் பெட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-ல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள். 1994-ல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் திறந்த அருங்காட்சியகத்தின் தரையில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம் இருக்கிறது. துரத்தப்பட்டவர்கள் வந்து, குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடித் தங்கள் பெயரை அதில் எழுதினார்கள். தூக்கி எறியச் சொன்ன தெருப் பலகைகளை இடிப்பு வேலையில் இருந்த ஒருவரே ஒளித்து வைத்திருந்து கொடுத்தார், அவையும் அங்கே தொங்குகின்றன.

சரி, இதெல்லாம் பெரிய பெரிய கதைகள், எங்கள் நூலகத்து இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். 1981-ல் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு நூலகத்தை எரித்தது ஒரே ராத்திரியில் நடந்த கொடுமை, எல்லாருக்கும் கண்ணில் படும். நேரத்தைக் குறைப்பது, காலியான பணியிடத்தை நிரப்பாமல் விடுவது, கோப்பு வைத்த அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை யாரிடமோ கொடுப்பது, இதெல்லாம் யார் கண்ணிலும் படாமல் நடக்கும். ஆறு மணிக்கு மூடினால் பகலில் வேலைக்குப் போகிற எவரும் வர முடியாது. அப்புறம் வருகை இன்னும் குறையும், அதையே காட்டி அடுத்த வருடம் ஒரேயடியாக மூடுவார்கள்.

பொறுப்பில் இருப்பவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒன்றைக் கேட்கிறேன். வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து என்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்குப் போட்ட கையெழுத்து என்றும் பாருங்கள். அந்தப் பெரியவரை மேல்முறையீட்டின் நிலவரம் தெரிந்துகொள்ள மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வருவது ஆறு மணிக்கு மேல்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்