எங்க ஊர் மாதிரியே இருக்கு: தர்ஷனுக்கு ஒரு கடிதம்

தர்ஷன்,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வரி மெசேஜ் போட்டதோடு சரி, பத்து நாளாக உனக்கு ஒன்றும் எழுதவில்லை. கோபமெல்லாம் இல்லை, கொஞ்சம் வெட்கம். நீ என்னை 'நீர்' என்றுதான் கூப்பிடுவாய், நானும் பதிலுக்கு அப்படியே எழுதிப் பார்த்தேன், ஏதோ அரண்மனைப் புலவருக்கு ஓலை அனுப்புகிற மாதிரி இருந்தது. அதனால் நீ.

கொழும்பில் உன்னோடு சுற்றிய அந்த இரண்டு நாளில் "எங்க ஊர் மாதிரியே இருக்கு" என்று குறைந்தது ஐம்பது தடவை சொல்லியிருப்பேன். என் தப்பு மட்டுமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம், கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை, போர்டுகளில் சிங்களத்துக்குக் கீழே தமிழ், வெயிலும் அதே பிசுபிசுப்பு. வெளிநாட்டில் இறங்கியிருக்கிறோம் என்பதை மனசு ஒத்துக்கொள்ளவே இல்லை. புறக்கோட்டைச் சந்தைக் கூட்டத்தைப் பார்த்ததும் "எங்க பாரிஸ் கார்னர்" என்றேன். செட்டியார் தெரு நகைக்கடைகளைப் பார்த்ததும் "எங்க சௌகார்பேட்டை". அந்தச் சிவப்பும் வெள்ளையுமான பள்ளிவாசலுக்கு எதிரே நின்றுகொண்டு, 1908இல் தொடங்கி அடுத்த வருடமே கட்டி முடித்தது, வரைபடம் போட்டவர் கட்டடக்கலை படித்தவரே இல்லை, மேலே பாரும் மாதுளம்பழம் மாதிரி என்று நீ ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், நான் நடுவில் புகுந்து "எங்க ஹைகோர்ட்டும் சிவப்புதான், இதே ஸ்டைல், 1892" என்கிறேன். யாராவது கேட்டார்களா?

அப்புறம் அந்தத் தேத்தண்ணிக் கடை. உட்கார்ந்ததும் கேட்காமலேயே ஒரு பெரிய தட்டு வந்தது: இரண்டு ரோல்ஸ், இரண்டு பெட்டிஸ், முக்கோணமாக, உள்ளே மீன் வைத்த பன்னான மாலு பாண் இரண்டு, ஓரத்தில் ஒரு வடை. எங்கள் ஊரில் முன்னால் வைத்துவிட்டால் அது நம்முடையது, மிச்சம் வைத்தால் மரியாதையில்லை. கொழும்புக்காரனின் விருந்தோம்பலை அவமதிக்கக் கூடாதே என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ரோல்ஸின் மொறுமொறுப்பைக் கடித்தால் உள்ளே உருளைக்கிழங்கோடு மீனும் மிளகும் சூடாக இருந்தது, முதல் ரோல்ஸ் அருமை. ஆறாவது ஐட்டத்தில் கண் கலங்கியது. நீ ஃபோன் பேசிவிட்டு வந்து, காலித் தட்டைப் பார்த்து, "ஏனப்பா எல்லாத்தையும் சாப்பிட்டனீர்? எடுத்ததுக்கு மட்டும்தான் காசு, மிச்சத்தை அப்பிடியே விடலாம்" என்றாய். கடைக்காரர் முகத்தில் இருந்தது மரியாதையா பயமா என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று ராத்திரி நீ கொத்து ரொட்டிக் கடைக்குக் கூப்பிட்டபோது நான் வராததற்குக் காரணம் தலைவலி இல்லை.

ரயிலிலும் ஆரம்பித்தேன். கோட்டை ஸ்டேஷனில் ஏறும்போதே "எங்களுக்கும் ஒரு கோட்டை ஸ்டேஷன் உண்டு, அதுக்கு முந்தினது பீச்" என்று. கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வாய் மூடிக்கொண்டது. தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் வெறும் கருங்கல்தான், வாசலில் நின்றவன் கன்னத்தில் சாரல் அடிக்கிறது. எங்கள் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ரோடு, அதைத் தாண்டினால் துறைமுகத்து மதில். கடல் கண்ணுக்கே தெரியாது. பெயர் மட்டும் பீச். அதை உன்னிடம் சொல்லாமல் மறைத்தேன், இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்காக. கடலோரத்துக் காலி முகத்திடல் மைதானத்தில் இறால் வடை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், 2022 பொருளாதார நெருக்கடியில் அரசாங்கத்துக்கு எதிராகச் சனம் திரண்டது இங்கேதான் என்று கையைக் காட்டினாய். நான் உடனே, ஆமாம், எங்களுக்கு 2017இல் மெரினா, ஜல்லிக்கட்டு, நானும் ராத்திரி போனேன், பிரியாணிப் பொட்டலமெல்லாம் கொடுத்தார்கள் என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். நீ வடையில் இருந்த இறாலைப் பிய்த்து ஓரமாக வைத்தாய். "பெற்றோல் லைனில ரெண்டு இரவு காருக்குள்ள நித்திரை கொண்டனான். வீட்டில கரண்ட் இல்லை, காஸ் இல்லை, பிள்ளைக்குப் பால்மா இல்லை" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, சிரித்துக்கொண்டுதான், "நீர் கொழும்பைப் பாக்க வந்தனீரோ, சென்னையைப் பாக்க வந்தனீரோ?" என்று கேட்டாய்.

சிரித்துக்கொண்டு கேட்டதால்தான் அது இன்னும் உறுத்துகிறது. அந்த வருடம் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போனது எனக்குத் தெரியும், செய்தியில் பார்த்தேன், உனக்கு மெசேஜும் போட்டேன், நீ 'ஓம், சமாளிக்கிறம்' என்று பதில் போட்டாய், மறுநாள் மீட்டிங்கில் வேலையைப் பற்றிப் பேசினோம். மூன்று வருடமாக ஸ்கிரீனில் உன் முகத்தைப் பார்க்கிறேன், பின்னாலிருந்த காரும் பிள்ளையும் எனக்குத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் என் ஊரை எடுத்து அதன் மேல் போர்த்திவிட்டால் அப்புறம் கீழே இருப்பது எங்கே தெரியும்?

அதற்கு மேல் நாம் இரண்டு பேரும் பேசவில்லை. சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து கடற்கரையில் வளர்ந்தவன், ஆனால் மெரினாவில் சூரியன் கடலிலிருந்து காலையில் வரும், சாயங்காலம் நம் முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் போய் மறையும், நம் நிழல் அலையைப் பார்த்து நீளும். இங்கே திரும்பிப் பார்த்தேன், என் நிழல் எனக்குப் பின்னால் புல் மேல் படுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நீண்டிருந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தேன், நீ "சொல்லும்" என்றாய், நான் ஒன்றுமில்லை என்றேன். அன்று சொல்ல வந்தது இதைத்தான்.

மார்கழியில் குடும்பத்தோடு வா. விடியற்காலை ஐந்தரைக்கு எலியட்ஸ் பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன். இந்த முறை நீ பேசு, உன் மனைவி பேசட்டும், பிள்ளை எதைக் காட்டி 'கொழும்பு மாதிரி' என்றாலும் நான் ஆமாம் போடுகிறேன். வரும்போது மாலு பாண் மட்டும் கொண்டுவா. இரண்டு போதும்.