சிலையைப் பிறகு பார்ப்பம்

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் நலம். அங்கேயும் எல்லோரும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நோர்வேயில், பேர்கனில் மழை. வருசத்துக்கு இரண்டாயிரம் மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிற ஊர், அதில் புதினம் இல்லை.

எங்கட இசைச்சபையின் மாஸ்ரருக்கும் ரீச்சருக்கும் சிலை வைப்பதா, மண்டபத்துக்குப் பேர் வைப்பதா என்று சபைக் கூட்டத்தில் இழுபறி என்று எழுதியிருந்தாய். மாஸ்ரர் விட்டுப்போன பாட்டுக் கொப்பிகளையும் கசற்றுகளையும் என்ன செய்வது என்பதுதான் எனக்கு முக்கியம். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வை. இந்த ஊர்ப் பக்கம் பிறந்த ஒரு புருசன் பெண்சாதியின் கதையைச் சொல்கிறேன். உங்கள் கூட்டத்துக்கு அதிலே எடுக்க நிறைய இருக்கிறது.

நோர்வேயின் பேர்போன இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1843இல் பேர்கனில் பிறந்தவர். நீனா 1845இல் ஊரை அடுத்த ஹவுக்கலாண்டில் பிறந்தவ. தாய்மாமன் மகள், எங்கட முறையில் சொந்த மச்சாள். 1867இல் கோபன்ஹேகனில் கலியாணம். அவர் பாட்டு எழுதுவார், பியானோவில் இருப்பார், அவ பாடுவா. வசனம் விளங்கப் பாடுவதில் பேர்போனவ. எல்லாம் சுமுகமாய் ஓடியது என்று நினைக்காதே. ஒரே பிள்ளை ஒரு வயது தாண்டியதும் போய்விட்டது. 1883இல் இவர் வீட்டை விட்டே வெளிக்கிட்டார். பிரான்ட்ஸ் பேயர் என்ற சினேகிதர் இடையில் நின்றுதான் சேர்த்து வைத்தார். அதன் பிறகுதான், பேயர் வீட்டுக்குக் கிட்டவே, நூர்டோஸ் ஏரிக்கரையில் ட்ரோல்ட்ஹவ்கன் வீட்டைக் கட்டி 1885இல் குடிபுகுந்தார்கள்.

ஊருக்கு அவர் செய்த வேலை ஒத்திகையில் தொடங்கியது. ஹார்மோனியன் என்ற இசைச்சபை 1765இல் இருந்து இங்கே இருக்கிறது. 1880 முதல் 1882 வரை அதை நடத்தும் பொறுப்பு இவருக்கு. வாத்தியக்காரரில் சம்பளத்துக்கு வருபவரும் உண்டு, பொழுதுபோக்குக்கு வருபவரும் உண்டு. பாடகர் குழுவில் ஊர்ப் பெரிய வீட்டுப் பிள்ளைகள். ஒத்திகையை விட்டு நடன விருந்துக்குப் போன பெண்களை இவர் குழுவில் இருந்து நிறுத்திவிட, பெரிய சண்டையாகியது. இரண்டு பருவத்தோடு பதவியை விட்டார். ஆனால் அந்த ஒரு விசயத்தில் அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன். நாற்பது பேர் பாடுகிற இடத்தில் ஐந்து பேர் கடைசி ஒத்திகைக்கு வராவிட்டால், மேடையில் அந்த ஐந்து பேரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். தாளம் அரைக்கால் பிந்தும். எங்கட சபையிலும் திருவிழாவுக்கு முதல் நாள் நடக்கிறது அதுதானே.

பெரிய காரியம் 1898இல். யூன் 26 முதல் யூலை 3 வரை நோர்வே இசைவிழா, முழுக்க நோர்வே ஆட்களின் ஆக்கங்கள். விழாக் குழுவில் இருந்தவர்கள் நோர்வே வாத்தியக்காரரையே கூப்பிட வேண்டும் என்று நின்றார்கள். கிரீக் அம்ஸ்ரர்டாமில் இருந்து கொன்சர்ட்கெபௌ என்ற வாத்தியக் குழுவையும் அதன் நடத்துநர் மெங்கல்பேர்க்கையும் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் நான் இல்லை என்றார். நாட்டுப்பற்றில்லை என்று பத்திரிகைகளில் ஏச்சு. அவர் கணக்கு வேறு. அங்கங்கே இருந்து சேர்த்த ஆட்களைக் கொண்டு ஒரே கிழமையில் இத்தனை புது உருப்படி வாசிக்க முடியாது. தினமும் ஒன்றாயிருந்து வாசித்துப் பழகின குழு வேண்டும். தவிர, நல்ல குழு எப்படிக் கேட்கும் என்று ஊர்ச்சனம் ஒருமுறை காதால் கேட்டால்தான் அப்படியொன்று தங்களுக்கும் வேண்டும் என்று கேட்பார்கள். அவர் எதிர்பார்த்தது பிந்தித்தான் நடந்தது: ஹார்மோனியனின் வாத்தியக் குழு 1919இல் திருத்தி அமைக்கப்பட்டது, ஊர் இசைவிழா 1953இல் ஆண்டுவிழாவாகத் தொடங்கியது.

இனி நீ கவனிக்க வேண்டிய பகுதி. வீட்டுக்குக் கீழே, ஏரியோரம், எழுதுவதற்கென்று ஒரு சின்ன மரக்குடில் வைத்திருந்தார். ஒரு பியானோ, மேசை, சாய்கதிரை, அடுப்பு, அவ்வளவுதான். ஆள் ஐந்தடி மட்டும்தான். உயரம் காணாதென்று பேதோவனின் இசைப் புத்தகங்களைக் கதிரையில் அடுக்கி மேலே இருப்பார். வெளியூர் போகும்போது, உள்ளே வரும் கள்ளன் காகிதங்களைத் தொடாமல் விடட்டும், அவை என்னைத் தவிர ஒருவருக்கும் பயன்படாது என்று ஒரு துண்டு எழுதி வைத்துவிட்டுப் போவார். அந்தக் காகிதங்களைத்தான் பிறகு பேர்கன் பொது நூலகத்துக்கு எழுதிக் கொடுத்தார்: கையெழுத்துப் படிகள், புத்தகங்கள், அவருக்கு வந்த ஆயிரக்கணக்கான கடிதங்கள். காசில் ஒரு பங்கு ஹார்மோனியனுக்கு நிதியாகப் போனது.

வீட்டுக்கு மட்டும் அப்படி ஒரு ஏற்பாடில்லை. 1907இல் அவர் இறந்தார். நீனா இன்னும் 28 வருசம் இருந்தா. 1919இல் வீடு விற்கப்பட்டது, தளபாடங்கள் ஏலத்துக்குப் போயின. வாங்கியவர் உறவுக்காரர் என்பதால் தப்பியது: அவர் 1923இல் அதை உள்ளூராட்சிக்குக் கொடுத்தார், 1928இல் அருங்காட்சியகமானது, சாமான்களில் பலதும் திரும்பி வந்தன. எழுதி வைத்தது நேரே போய்ச் சேர்ந்தது. எழுதாதது உறவுக்காரரின் நல்ல மனசில் தொங்கியது.

ஆகவே சபை முதலில் செய்ய வேண்டியது ரீச்சர் இருக்கும்போதே, மாஸ்ரரின் கொப்பிகளுக்கும் கசற்றுகளுக்கும் நொத்தாரிசிடம் ஒரு நன்கொடை உறுதி எழுதுவது. கொப்பிகளின் உரிமை வேறு, அதில் உள்ள உருப்படிகளின் பதிப்புரிமை வேறு. இலங்கைச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 வருசம் வரை பதிப்புரிமை பிள்ளைகளுக்கு. ஆகவே ‘கொப்பிகளைத் தருகிறோம்’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு ஒரு பக்கத்தைக்கூட அச்சிட முடியாது. பிரதி எடுக்கவும் வெளியிடவும் அனுமதி என்று தனி வரி வேண்டும்.

கொப்பிகளுக்கு 2பி பென்சிலால் பின்னட்டையின் உள்மூலையில் இலக்கம் போடுங்கள். பேனை வேண்டாம், மை ஊறும். துருப்பிடித்த பின்களைக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டவே ஒட்டாதே. பத்து வருசத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். லமினேற்றிங்கும் வேண்டாம். ஸ்கானை 400 டிபிஐயில், நிறத்தில் எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மாஸ்ரர் சிவப்புப் பென்சிலில் போட்ட கமகக் குறிகள் கறுப்பு எழுத்தோடு கலந்துவிடும், பிறகு எது திருத்தம் எது மூலம் என்று தெரியாது. அலுமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காதே, நாலு விரல் இடைவெளி விடு. ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு மானி வாங்கி உள்ளே வை.

கசற்றுகள்தான் அவசரம். முதலில் பின்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் தாவல்களையும் உடைத்துவிடு, தவறுதலாய் மேலே பதியாது. ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்று. பிளேயரின் நாடா உரசுகிற தலையை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடை. கசற்றுக்குள்ளே நாடாவை அழுத்துகிற பஞ்சுத்துண்டு கழன்றிருந்தால் சத்தம் அடைத்துப் போகும்; திருகாணி போட்ட வேறு கூட்டுக்குள் நாடாவை மாற்று. பழைய பிளேயர்களில் வேகம் பிசகும், ஆறு வீதம் கூடினாலே சுருதி அரைச்சுரம் ஏறிவிடும். பதிவின் அடியில் கரண்ட் இரைச்சல் கேட்டால் அது 50 ஹேட்ஸ். அதை வைத்து வேகத்தைச் சரிபார். 24 பிற், 96 கிலோஹேட்ஸ் ஸ்ரீரியோ வேவ் கோப்பாக எடுத்தால் அறுபது நிமிடக் கசற் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 ஜிபி பிடிக்கும். எம்பி3 மட்டும் எடுத்துவிட்டு மூலத்தை எறிகிற வேலை நடக்கக்கூடாது.

மூன்று பிரதி: சபையில் ஒன்று, தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கிப் பாதுகாக்கிற நூலக நிறுவனத்தில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. 1981இல் எங்கட யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததைப் பார்த்த நீ, ஒரே இடத்தில் வைப்பது போதும் என்று சொல்லமாட்டாய்.

மிச்சக் காசு இருந்தால் ஒத்திகைக்கு ஒழுங்காய் வருகிற பிள்ளைகளுக்குப் பஸ் காசாகக் கொடுங்கள். அதற்கும் மிஞ்சினால் சிலை பற்றிக் கதைப்பம்.

கூட்டத்துக்கு முன் கசற்றுகளை எண்ணி, எத்தனை அறுபது, எத்தனை தொண்ணூறு என்று எழுது. ஹாட்டிஸ்க் எந்த அளவில் வேண்டும் என்று பார்த்து இங்கிருந்து அனுப்புகிறேன். ரீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்