சாக்ஸ் தோற்ற வருஷம்

சிகாகோ
அக்டோபர் 2024

அன்புள்ள பாஸ்கர்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் காலேஜுக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

"ஒயிட் சாக்ஸுக்கு என்னடா ஆச்சு?" என்று நம் சிகாகோ பேஸ்பால் டீமைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2005-இல் நீ இங்கே இருந்தாய், 88 வருஷம் கழித்து அவர்கள் வேர்ல்ட் சீரிஸ் சாம்பியன்ஷிப் ஜெயித்ததைப் பார்த்தவன். அதே டீம் இந்த சீசனில் 162 மேட்சில் 121 தோற்றது. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் டீம் 120 தோற்றதுதான் அதுவரை நவீன கால ரெக்கார்டு. ஜூலை 10 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை ஒரு வெற்றிகூட இல்லை, வரிசையாக 21 தோல்வி. ஓக்லாந்தில் அது முறிந்தது. இரண்டு நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜரை மாற்றி என்ன பிரயோஜனம்? 2021-இல் 93 மேட்ச் ஜெயித்து டிவிஷனில் முதலிடம் வந்த டீம்டா இது. மறுவருஷம் 81, அதற்கடுத்து 61, இப்போது 41. சீசன் தொடங்கும் முன்பே பிட்சர் (பந்து வீசுபவர்) டிலன் சீஸை சான் டியேகோ டீமுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓனர் ரைன்ஸ்டார்ஃப் 1981-லிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். "டீமை வித்துடு" என்று ஸ்டேடியமே கத்தியது. நானும் தொண்டை கட்டக் கத்தினேன்.

ஆனால் ஆடுகிற பையன்கள் மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. செப்டம்பர் 24, ஏஞ்சல்ஸ் டீமோடு நடந்த மேட்சுக்குப் போயிருந்தேன். அப்போது 120 தோல்வி ஆகியிருந்தது. 121-ஐ நேரில் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்தபோது 2-0 என்று பின்தங்கியிருந்தோம். அந்த நிலையிலிருந்து சீசன் முழுக்க ஒரு மேட்சைக்கூட அவர்கள் மீட்டதில்லை. எட்டாவதில் மூன்று ரன் எடுத்தார்கள். பெனின்டெண்டி அடித்த அடியில் 3-2. பக்கத்தில் சிலர் ரெக்கார்டு போச்சே என்று சலித்துக்கொண்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. தோற்பதைப் பார்க்க டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் விட்டுக்கொடுக்காமல் ஆடியவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டலாமா? அடுத்த இரண்டு நாளும் நம் ஆட்களே ஜெயித்தார்கள். 121-வது தோல்வி டெட்ராய்டில்தான் வந்தது. அன்றிரவே டெட்ராய்ட் டீமான டைகர்ஸ் பிளேஆஃப் சுற்றுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு மிச்சமிருந்த இரண்டையும் நம் ஆட்கள் ஜெயித்தார்கள், தெரியுமா?

இப்போது என் கவலை கேரெட் குரோஷே பற்றி. 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்ஸ்மேனை வெளியேற்றுவது) எடுத்த நம் பிட்சர், வயது 25. அவனையும் கைமாற்றிவிடுவார்கள் என்று எல்லாரும் பேசுகிறார்கள். அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் யாரைப் பார்க்கப் போவது?

ஏப்ரலில் ஆபீஸ் வேலையாக இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானதும் சொல். டிக்கெட் நான் எடுக்கிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
சேகர்